நோன்பாளிக்கு நானாவின் மாத்திரை

அனுப்புபவர்:
திருமதி ஸல்மா மர்ஸூக்,
மர்ஸூக் தையலகம்,
பசறை.

பெறுநர்:
சுகாதார சேவைகள் அத்தியட்சகர் அவர்கள்,
பதுளை.

விடயம்: என் கணவர் ஐ. எல். மர்ஸூக் (வயது 36) அவர்களின் நோயை மீளப் பரிசீலித்து, கொடுக்கப்படும் மாத்திரையை இன்றே நிறுத்தக் கோருதல்.

கனம் ஐயா,

1. என் கணவர் தையற்காரர். கடந்த 21ஆம் திகதி, அவருடைய மூத்த சகோதரர் ஸரூக் நானாவைப் பதுளை வைத்தியசாலையின் மாதாந்த மனநோய்க் கிளினிக்குக்குக் கூட்டிச் சென்றார். நானா திரும்பி வந்தார். என் கணவரை வார்டில் வைத்துக்கொண்டார்கள். நானாவுக்குள்ள நோயே இவருக்கும் என்று எழுதி, அதே லித்தியம் மாத்திரையைக் கொடுக்கிறார்கள். வெள்ளிக்கிழமை கொழும்புக்கு அனுப்பப் போவதாகவும் அறிகிறேன். அங்கு அனுப்பவுள்ள வைத்தியசாலையின் பெயர் இணைத்துள்ள துண்டில் உள்ளது.

2. டாக்டர்மாரைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. அந்த மாத்திரையின் அருமையை என்னைவிட அறிந்தவர் குறைவு. நானா மணிக்கூடு திருத்துபவர்; மூச்சு விடுவதுகூடக் கேட்காது, அவ்வளவு அமைதி. அப்படிப்பட்டவர் ஒரு வருடம் திடீரென்று மூன்று கிழமை உறங்காமல், நமுனுகுல மலையுச்சியில் பள்ளிவாசல் கட்டப்போவதாக ஹாலிஎல வரை நடந்து ஆள் சேர்த்தார். பிறகு இரண்டு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்தார். கரண்டி தூக்கவும் கை வரவில்லை. மூன்று வருடம் இப்படி மாறி மாறி வந்தது. உப்புக்கல் போன்ற அந்த மாத்திரையைக் கொடுத்தார்கள். மனிதர் பழையபடி திரும்பி வந்து தம் கடையில் உட்கார்ந்தார். அன்று நான் அல்லாஹ்வைப் புகழ்ந்தேன்.

3. ஆனால் ஐயா, என் கணவருக்கு வருவதும் இல்லை, போவதும் இல்லை. அவர் என்றைக்கும் அப்படித்தான். சட்டைக்கு ஒரு கை பொருத்திவிட்டு எழுந்து கூரை ஒழுக்கை அடைக்கப் போவார். அங்கே ஏணியை மறந்துவிட்டு வேறெங்கோ நிற்பார். கழுத்தில் கிடக்கும் அளவு நாடாவைக் கடை முழுக்கத் தேடுவார். நான் ஒரு பேச்சை முடிக்குமுன் அவர் மூன்று பேச்சைத் தொடங்கியிருப்பார். ஏழு வயதில் அவருக்குக் கிடைத்த பாடசாலை அறிக்கையில் ஆசிரியர் ஸ்ரீஸ்கந்தராஜா அவர்கள், "இருந்த இடத்தில் இருப்பதில்லை. எடுத்ததை முடிப்பதில்லை. தீங்கற்ற பிள்ளை" என எழுதியதன் பிரதியை இணைத்துள்ளேன். இதற்கு வைத்தியத்தில் ஒரு பெயர் உண்டா என்று எனக்குத் தெரியாது. ஒரே தாய் பெற்ற இருவரின் ஓட்டமும் வெளியே ஒன்றாகத் தெரிந்து, உள்ளே இவ்வளவு வேறாக இருப்பதை எண்ணினால் எனக்கு இப்போதும் மலைப்பாக இருக்கிறது.

4. தவறு நேர்ந்தது இவ்வாறு. நானா இரத்தப் பரிசோதனைக்குப் போயிருந்த வேளையில், இவர் சும்மா இருக்க மாட்டாமல் டாக்டரின் அறைக் கதவுத் தாழ்ப்பாளைக் கழற்றித் திருத்தத் தொடங்கியிருக்கிறார். அதைக் கண்டு, அண்ணனின் நோய் தம்பிக்கும் உண்டோ என்று ஐயுற்று இவரை விசாரித்த டாக்டர் ஐயா புதிதாக வந்தவர், தமிழ் அறியாதவர். உதவியாளர் ஒருவர் மொழிபெயர்த்தார். உறங்குவதுண்டா? இரண்டு மணி நேரம். பகலில் சாப்பிடுவதுண்டா? இல்லை. என்ன வேலை? பத்தொன்பது சட்டை, ஒன்றும் முடியவில்லை. எத்தனை நாளாக? பதினாறு நாளாக. எல்லாம் உண்மை. ரமழான் நோன்பு, பெருநாள் தையல் என்ற இரண்டு சொற்களை மட்டும் அவர் சொல்லவில்லை. அதற்குள் பேச்சு தாழ்ப்பாளுக்குப் போய்விட்டது. பெருநாள் நெருங்கினால் பசறையில் எந்த முஸ்லிம் தையற்காரர் உறங்குகிறார்?

5. ஞாயிறன்று பார்க்கச் சென்றேன். அரை மணி நேரம் அசையாமல் இருந்து, நான் பேசியதை முழுவதும் கேட்டார். பதினான்கு வருட வாழ்க்கையில் அது முதல் தடவை. நல்ல முன்னேற்றம் என்றார் தாதியார். எனக்கோ அது அவராகவே தெரியவில்லை. அவர் கை நடுங்கியது. நாக்குக் குழறியது. இருமுறை வாந்தியெடுத்ததாகப் பக்கத்துக் கட்டில்காரர் சொன்னார்.

6. அவசரம் இதுதான். இந்த மாத்திரை எடுப்பவர் தண்ணீரைக் குறைக்கவே கூடாது, நோன்பு பிடிக்கக் கூடாது என்று நானாவுக்குக் கிளினிக்கில் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். என் கணவர் வார்டில் ஒரு நோன்பையும் விடவில்லை. பகலில் ஒரு மிடறு தண்ணீர் இறங்கவில்லை. கட்டிலில் தொங்கும் நோயாளர் அட்டையிலோ உணவை மறுப்பதாக எழுதி, அதையும் நோய்க்குறியாகச் சேர்த்திருக்கிறார்கள். நான் விளக்கியபோது, நோயாளிகளின் மனைவிமார் ஏதாவது சொல்வது வழமை என்றார்கள்.

7. நோயாளிக்கு நோன்பு கடமையில்லை, தண்ணீர் குடியுங்கள் என்று அவரிடம் கெஞ்சினேன். அவர் சொன்னார்: "எனக்குத்தான் நோய் வருத்தம் ஒண்டும் இல்லையே ஸல்மா. குடிச்சா வருத்தக்காரன் எண்டு நானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிரும்." நூல் கோக்கும் நேரம்கூடப் பொறுக்காத மனிதர், இருபத்தைந்து நாளாக இந்த ஒன்றில் நிலையாக நிற்கிறார். அவருடைய மனவுறுதி எனக்கு ஆச்சரியம். அதுவே அவரைக் கொன்றுவிடும் என்று நடுங்குகிறேன்.

8. ஆகவே, மாத்திரையை இன்றே நிறுத்தவும், இரத்தத்தைச் சோதிக்கவும், தமிழ் அறிந்த டாக்டர் ஒருவரைக் கொண்டு அவரை மீண்டும் விசாரிக்கவும் கட்டளையிடுமாறு மன்றாடுகிறேன். இந்த மாதம் எப்படி இருந்தார் என்பதோடு, போன வருடம், அதற்கு முந்திய வருடம், பிள்ளைப் பருவத்தில் எப்படி இருந்தார் என்றும் கேட்கச் சொல்லுங்கள். சாட்சி சொல்ல நானாவும் என்னுடன் வந்திருக்கிறார். தபாலை நம்பாமல் இதைக் கையில் கொண்டுவந்து, தங்கள் காரியாலய வாசலில் இருவரும் நிற்கிறோம். தண்ணீர்ப் போத்தல் என் பையில் இருக்கிறது. அவர் நோயாளி அல்ல என்று ஒரு டாக்டர் சொன்னால்தான் அவர் அதைக் குடிப்பார்.

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்கு வாசலில் காத்திருக்கும்,
ஸல்மா மர்ஸூக் (ஒப்பம்)

சாட்சி: ஐ. எல். ஸரூக் (ஒப்பம்)

இடம்: பதுளை
திகதி: 30.08.1978, காலை 9 மணி