வர்ற புதன்கிழமை கல்யாணம்

28/8/2006
தெஹியோவிட்ட கிளினிக்கில் பெயர் பதிந்தாயிற்று. "ஏப்ரல்ல, அவுருது புதுவருசச் சமயத்துல பிள்ளை கையில இருக்கும்" என்றார் மிட்வைஃப் மிஸ். பஸ்ஸில் வரும்போதெல்லாம் சிரிப்பு. வாந்தியும்தான்.

29/8
கம்ப்யூட்டர் வகுப்பில் படிப்பிக்கும் என் வீட்டுக்காரருக்கு மிட்வைஃப் வாக்குப் போதாதாம். கடைசி மாதவிலக்குத் தேதியைக் கொடுத்தால் பிரசவ நாளைச் சொல்லும் புரோகிராம் ஒன்றைத் தானே எழுதியிருக்கிறார். ஜூலை நான்கு என்றேன். 4/7/2006 என்று தட்டினார். திரையில் வந்தது ஜனவரி 12!

பின்னால் நின்று மகனின் வித்தையைப் பார்த்த மாமி விரலை மடக்கி எண்ணினார். கல்யாணம் நடந்தது ஜூன் ஒன்பது. ஏழே மாதத்தில் பிள்ளையா? குசினிக்குள் போய்ச் சட்டிகளை உருட்டத் தொடங்கிவிட்டார்.

"மிட்வைஃப் ஏப்ரல்னு சொன்னாங்கதானே?" என்றேன்.

"அவங்க மனக்கணக்குப் போடுறாங்க ராணி. மெஷின் பொய் சொல்லாது."

அப்போ யாரு பொய் சொல்றா? நானா?

30/8
மாமி தேத்தண்ணியை டொக்கென்று வைத்தார். இவர் என் முகத்தையே பார்க்கவில்லை. கேட்கவும் மாட்டார், நம்பவும் மாட்டார். எரிச்சலா வருது. அழுகையும் வருது. அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியைத் தூக்கிப் பக்கத்துல ஓடுற கங்கையில போடணும்!

1/9
எனக்குத் தேதி தெரியும்; அதற்குத் தெரியுமா என்று பார்க்க இன்று நானே பெட்டிக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன்.

"நம்ம கல்யாணத் தேதியைப் போடுங்க. என்னா மாசம்னு எழுத்துல காட்டச் சொல்லுங்க."

9/6/2006 என்று தட்டினார். வந்தது செப்டம்பர் 6.

"நல்லாப் பாருங்க! நமக்கு இன்னும் கல்யாணமே ஆகலையாம். வர்ற புதன்கிழமைதானாம்!"

மனுஷன் முகம் போன போக்கு! பெட்டியை அமெரிக்கக் கணக்கிலேயே விட்டுவிட்டாராம். அங்கே மாதத்தைத்தான் முதலில் எழுதுவார்களாம். என் ஜூலை நான்கை ஏப்ரல் ஏழு ஆக்கி வைத்திருக்கிறது. தன் அக்காவின் கடைசி மாதவிலக்குத் தேதியான 23ஐப் போட்டுச் சோதித்தபோது சரியாக வந்ததாம். இருபத்துமூன்றாம் மாதம் கிடையாது என்ற அறிவாவது அதற்கு இருந்திருக்கிறதே.

"தெஹியோவிட்டயில இருந்துக்கிட்டு அமெரிக்கக் கணக்கா? புதன்கிழமை வரைக்கும் நீங்க யாரோ, நான் யாரோ. கல்யாணம் ஆகாத ஆளுக்கு நான் சோறு போட மாட்டேன்."

"அதானே, மெஷினுக்கு என்னா தெரியும்!" என்றார் மாமி, விரல் மடக்கியதையே மறந்தவர் போல.

செப்டம்பர் 6, புதன்
(இனிமேல் மாதத்தை எழுத்தில்தான் எழுதப்போகிறேன்.)

மல்லிகைப்பூவும் பட்டர் கேக்குமாக வாசலில் வந்து நின்றார். கடைச் சோறு தின்று இளைத்துப்போயிருந்தார். "கல்யாணத்துக்கு வந்திருக்கேன்." பாவம், உள்ளே விட்டேன்.

ஜனவரி 12
கம்ப்யூட்டர் சொன்ன நாள். பிள்ளை உள்ளேயே உதைத்துக்கொண்டிருக்கிறது.

ஏப்ரல் 8
நேற்றுத்தான் வீட்டுக்கு வந்தோம். மகள்.

வலியோடு ஆஸ்பத்திரிக்குப் போன அன்று, கடைசி மாதவிலக்குத் தேதி என்ன என்று நர்ஸ் இவரிடம் கேட்டார். வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார். "அவளையே கேளுங்க மிஸ். அவ சொன்னா சரியா இருக்கும்." அந்த வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது.

பிறந்த தேதி 4/4. எந்த நாட்டுக்காரன் எப்படிப் படித்தாலும் அதே நாள்தான். யாரும் வாய் திறக்க இடம் வைக்காமல் பிறந்திருக்கிறாள் என் மகள்.