தங்கம் போன ரேசர்

என் பிரியமுள்ள அப்பாவுக்கு,

உங்கள் முதல் வருடத் திதி முடிந்து இன்றோடு ஒன்பது நாள். படையலில் ஆட்டிறைச்சிப் பிரட்டல், கறுப்பு பீர், சிகரெட் என்று உங்களுக்குப் பிடித்ததெல்லாம் வைத்தோம். நீங்கள் வந்து சாப்பிட்டீர்களா, தெரியவில்லை. சண்டையில் இலை மிதிபட்டுவிட்டது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நீங்கள் இருந்தபோது உங்களிடம் நான்கு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை. பட்டம் வாங்கி, பெட்டாலிங் ஜெயாவில் வேலைக்குப் போன பிறகும் அப்படித்தான். பயம்தான், வேறென்ன? என் இடது சுண்டு விரல் இன்னமும் முழுதாக மடங்குவதில்லை. உங்கள் ரோத்தான் பிரம்பு பட்ட விரல்.

உங்கள் ரேசரையும் படையலில் வைக்க வேண்டும் என்று நினைத்தேன். துறைமுகத்தில் லோரி ஓட்ட ஆரம்பித்த வருடம் ஒரு கப்பல்காரர் கொடுத்தது என்று சொல்வீர்களே, அந்தத் தங்கப் பூச்சு ரேசர். அடிப்பிடியைத் திருகினால் தலையில் இரண்டு சின்னக் கதவுகள் திறக்கும். பிளேடை வைத்துத் திருகினால் மூடிக்கொள்ளும். எடுத்துப் பார்த்தபோது திருகவே முடியவில்லை. கதவிடுக்கில் பழுப்பாக ஏதோ இறுகிக் கிடந்தது.

ரத்தம் என்றுதான் முதலில் நினைத்தேன். அம்மாவின் புருவத்தைக் கிழித்துவிட்டு, அதே கையோடு நீங்கள் போய் முகம் மழித்த காலை எனக்கு நினைவிருக்கிறது. வெந்நீரில் பாத்திர சோப்பு கலந்து ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் மெல்லத் தேய்த்தேன். கரைந்து வந்தது வெறும் சோப்பு. பல வருடச் சோப்பு.

தேய்க்கும்போது ஒன்று புரிந்தது. நம் வீட்டில் நீங்கள் பேசாமல் இருந்தது மழிக்கும் பத்து நிமிடம்தான். முகமெல்லாம் நுரை, மூக்குக்குக் கீழே பிளேடு. அம்மா எதையும் அப்போதுதான் கேட்பார். "சங்கரிக்கு யுனிவர்சிட்டி கெடச்சிருக்கு, அனுப்பட்டுமாங்க?" என்று கேட்டதும் அப்படித்தான். நீங்கள் தலையாட்டினீர்கள். முகம் கழுவியதும் ரோத்தானை எடுத்தீர்கள். ஆனால் ஆட்டிய தலையை மாற்றவில்லை. அதற்கு நான் நன்றி சொல்லவே இல்லை, அப்பா. எப்படிச் சொல்வது?

ஒரு முறை ஊறியது போதவில்லை. ரேசரைக் கிண்ணத்தில் மறுபடி ஊறப்போட்டுவிட்டு, உங்களுக்கு மாலையும் வேட்டியும் வாங்க பிரிக்பீல்ட்ஸ் போனேன். கிள்ளான் வீட்டுக்குத் திரும்புவதற்குள் அம்மா குத்துவிளக்குகளோடு சேர்த்து அதையும் புளி, உப்பு, கம்பி நார் போட்டுத் தேய்த்து முடித்திருந்தார்.

"பாரேன் பாப்பா, எப்படி வெளுத்துப்போச்சு!"

"அம்மா, அது பித்தளை இல்லம்மா. மேல தங்கம் பூசினது. அழுத்தித் தேச்சாலே போயிடும்."

"தங்கமா? அந்த மனுசன் மூஞ்சிக்குத் தங்கமா?"

அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். நீங்கள் போன பிறகு நாங்கள் சேர்ந்து சிரித்தது அன்றுதான்.

அண்ணன் மோகன் அந்த ரேசரை முன்பே கேட்டிருந்தான். "படையல் முடிஞ்சதும் நான் எடுத்துக்குவேன். அப்பா சாமான் மூத்தவனுக்குத்தான்." திதியன்று செல்வி அண்ணியோடு வந்தான். அந்த வெயிலிலும் அண்ணி முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். ஏன் என்று எனக்குத் தெரிந்தது. நான் கேட்கவில்லை.

அண்ணன் குனிந்து படையலில் இருந்த ரேசரைக் கையில் எடுத்தான்.

"எவ தொட்டா இத?"

"நான்தான்யா. வெளக்கோட சேத்து..."

அம்மா முடிக்கவில்லை. அண்ணன் அறைந்ததில் அம்மாவின் தோடு தெறித்துப் படையல் சோற்றில் விழுந்தது. "என்னங்க, விடுங்க, அத்த பாவம்" என்று அண்ணி அவன் தோளைப் பிடித்தார். ரேசரை மூடியிருந்த அதே கையால் அவன் அண்ணியின் வாயில் குத்தினான். உள்ளே பிளேடு இல்லை. உலோகமே போதுமாக இருந்தது. உதடு பிளந்து, ரத்தம் சட்டையில் கொட்டியது. இலையை மிதித்துக்கொண்டு அவன் மறுபடி கையை ஓங்கினான்.

அணைந்திருந்த சின்னக் குத்துவிளக்கை எடுத்து அவன் மணிக்கட்டில் அடித்தேன். எலும்பு முறியும் சத்தம் எனக்கே கேட்டது. அவன் மண்டியிட்டு விழுந்தான். நான் விளக்கை மறுபடி ஓங்கினேன், இந்த முறை அவன் தலைக்கு.

"ஐயோ, அப்படியே அவரு மாதிரி நிக்கிறாளே!"

அம்மாவின் அந்தக் குரல்தான் என்னை நிறுத்தியது. ஒன்றை உங்களிடம் மட்டும்தான் சொல்ல முடியும், அப்பா. ஓங்கிய அந்த நொடி எனக்கு இனித்தது. உங்களுக்கும் இப்படித்தான் இருந்ததா?

அண்ணிக்குத் தையல் போட்டு முடிந்ததும் போலீஸ் ஸ்டேஷன் போனோம். தமிழ்ப் போலீஸ்காரர் ஒருவர் இருந்தார்.

"யாரும்மா அடிச்சா?"

"அண்ணன் சார். நானும் அடிச்சேன்."

"கேக்கல, சத்தமா பேசும்மா. படிச்ச பிள்ளைதான லா நீ?"

"நானும் அடிச்சேன் சார்! அதையும் எழுதுங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு எழுதினார். உங்கள் ரேசரைப் பிளாஸ்டிக் பையில் போட்டு ஒட்டி வைத்துக்கொண்டார்கள். ஒரு கதவு வளைந்திருக்கிறது. இப்போது அதில் இருப்பது சோப்பு இல்லை.

அண்ணி சுபாங் ஜெயாவில் என் வாடகை அறையில் இருக்கிறார். கஞ்சியை ஸ்ட்ரா வைத்துக் குடிக்கிறார். அம்மா தினமும் போன் செய்கிறார்.

"ரிப்போர்ட்ட திரும்ப வாங்கிரு பாப்பா. அவன் வேலை போயிடும் லா. உங்கப்பா எவ்வளவு அடிச்சாரு, நான் போலீசுக்குப் போனேனா?"

அம்மா ஏன் போகவில்லை என்று நீங்கள் என்றாவது யோசித்ததுண்டா?

முந்தாநாள் மாலை அண்ணன் கதவைத் தட்டினான். கையில் மாவுக்கட்டு இருக்க வேண்டும், இடக்கையால் தட்டுவது போல் தாளமில்லாமல் கேட்டது. "செல்வி, தெரியாம செஞ்சிட்டேன். வா, வீட்டுக்குப் போலாம்." அண்ணியின் கை தாழ்ப்பாளுக்குப் போனது.

"போகணும்னா போங்க அண்ணி, நான் தடுக்கல. ஆனா ரிப்போர்ட்ட நான் எடுக்க மாட்டேன்."

அண்ணி தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தார். பிறகு தையல் போட்ட உதட்டோடு, கதவைப் பார்த்துச் சொன்னார்: "நான் வரல. நீங்க போங்க."

வழக்கு வந்தால் என்னைக் கூப்பிடுவார்கள். அண்ணன் எதிரில் நிற்பான். அம்மா பின்னால் அழுதுகொண்டிருப்பார். ஆனாலும் போவேன். அவன் அடித்ததைச் சொல்வேன். நான் அவன் கையை முறித்ததைச் சொல்வேன். அவன் விழுந்த பிறகு தலைக்கு ஓங்கியதை அன்று போலீஸ்காரரிடம் நான் சொல்லாமல் விட்டுவிட்டேன். அதையும், யாரும் கேட்காவிட்டாலும், எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொல்வேன். இது உங்கள் மேல் சத்தியம்.

உங்கள் கையோடு பிறந்த மகள்,
சங்கரி