விறைப்பான ராடு வாங்கப் போயிருக்கிறேன்

சசிகலா அப்பாவுக்கு,

படப்பைக்குப் போகிறேன். சோறு வடித்து வைத்திருக்கிறது. ரசத்தைச் சுட வைத்துச் சாப்பிட்டுவிட்டு மேலே படியுங்கள்.

விரால் பிடிக்க விறைப்பான தூண்டில் ராடு வாங்கிவரச் சொன்னீர்களே, கடைக்காரர் அதைத்தான் எடுத்துக் கொடுத்தார். கையில் வாங்கினால் கனமாக இருந்தது. தோள்வலியில் நீங்கள் முனகுவது நினைவுக்கு வந்து, லேசானதாகக் கேட்டேன். "இது வளையும்மா. தூண்டில்ல மாட்டுற ரப்பர் தவளைய மீனு கவ்வுனாகூட முள்ளு வாயில ஏறாது" என்று அவர் சொல்லத்தான் சொன்னார். நான் அதையே வாங்கிவந்து, நீங்கள் கேட்டதுதான் என்று பொய் சொன்னேன். ராடில் அது எந்த வகை என்று போட்டிருக்கும் பொடி எழுத்து உங்கள் கண்ணுக்குத் தெரியாது என்கிற தைரியம்.

நேற்று மணிமங்கலம் ஏரியில் விரால் கவ்விவிட்டுத் தப்பியதும், "இன்னா பெருசு, கையில தெம்பு இல்லியா? வூட்ல குந்து" என்று எவனோ கேட்டானாம். நீங்களும் அதை நம்பி, சாப்பிடாமல் படுத்துவிட்டீர்கள். இனி ஏரிப் பக்கமே போவதில்லை என்று சொல்லி, ராடு, நரம்பு சுற்றும் ரீல் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளப் பக்கத்து வீட்டு ஜீவானந்தத்தை வரச் சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் கையில் ஒரு குறையும் இல்லை. எல்லாம் நான் செய்தது. நேற்றே சொல்ல வாய் வரவில்லை.

திட்டுவதை நான் வரும்வரை வைத்திருங்கள்.

ஜீவானந்தம் வந்தால் டீ போட்டுக் கொடுங்கள். வளைகிற ராடை வேண்டுமானால் எடுத்துப் போகட்டும்.

ரீலைத் தேடாதீர்கள். புது ராடில் மாட்டிப் பார்க்க என் பையில் எடுத்துப் போகிறேன். இதையும் உங்களைக் கேட்காமல்தான் செய்கிறேன்.