நாற்பது பொறிக்கு அரம் போட்டவள்

ஆண்டவர் துணை

சதுப்பு முகாம்,
மார்ச் 19, 1974

அன்பு மகள் மார்செலினுக்கு அம்மா ஆசையோட எழுதுறது. நானும் அப்பாவும் பசியும் தூக்கமும் ஒழுங்கா இருக்கோம், நாய் ரெண்டும் அப்படியே, கடலோரத்துல இருக்கிற நீயும் சளி இருமல் இல்லாம இருக்கணும்னு ஜெபத்துல உன் பேரைத்தான் முதல்ல சொல்றேன், உன் அப்பா பேரு ரெண்டாவதுதான், அது அவருக்குத் தெரிய வேண்டாம். மத்த சங்கதி அப்புறம், முதல்ல இதைப் படி. போன வாரம் விமானத்துல அப்பா உனக்கு ஒரு கடுதாசி போட்டிருக்கார், உள்ள அச்சடிச்ச பாரம் ஒண்ணு இருக்கும், இந்தச் சதுப்புல தோலுக்காக நீர் எலி பிடிக்கிற நம்ம பங்கை உன் சித்தப்பா அம்ப்ரோஸ் பேருக்கு எழுதிக் குடுக்கிற பாரம். உனக்குப் பதினெட்டு முடிஞ்சப்ப உன் பேரையும் அந்தப் பங்குல சேர்த்தோமே, அதனால உன் கையெழுத்தும் வேணும். போடாதே. போட்டிருந்தா அனுப்பாதே. அனுப்பியே தொலைச்சிருந்தா அன்னிக்கே கடைக்குத் தந்தி அடி. ஈஸ்டர் கழிஞ்ச வாரம் சதுப்புக்காரங்க கூட்டம், அங்க ஒரு தடவை பேரு மாறிச்சுன்னா மாறினதுதான், அப்புறம் தலைகீழா நின்னாலும் திரும்பாது.

கடை போன்ல கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமேன்னு நினைப்பே. கடை போன்ல பேசினா மீன்பிடிக்கிறவன் முதக்கொண்டு ஊரே காதைத் தீட்டிக்கிட்டு நிக்கும். அதோட இது என் தப்பு, ஊருக்கு முன்னால சொல்ற தப்பு இல்ல. வெள்ளிக்கிழமை ஊருக்குப் போற அம்ப்ரோஸ் கையிலதான் இந்தக் கடுதாசியைக் குடுத்து விடணும், அந்த மனுஷனுக்கு எதிரா எழுதி அவன்கிட்டயே குடுக்கிறேன், கொழுப்பைப் பாரு எனக்கு. அவன் பாவம், வாயைத் திறந்து பங்கைக் கேட்டவன் இல்ல. அவன் மருமகளுக்குப் பொண்ணு பிறந்திருக்கு, தலை நிறைய முடி, நீ பிறந்தப்ப மொட்டையா இருந்தே.

அக்டோபர்ல விறகு அறுக்கிற ரம்பம் அப்பா வலது கையில ரெண்டு விரலைக் கொண்டுபோனது உனக்குத் தெரியும். நடுவிரலும் மடங்கலைங்கிறது உனக்குத் தெரியாது, எழுதினா நர்ஸ் படிப்பை விட்டுட்டு ஓடி வருவேன்னு நான்தான் எழுதல. டாக்டர் ஒரு ரப்பர் பந்து குடுத்து தினம் நூறு தடவை அமுக்கச் சொன்னார், அதை அப்பா நாய்க்குப் போட்டுட்டார். கிறிஸ்துமஸ் வரைக்கும் மனுஷன் பொறிப் பக்கமே திரும்பல. ஜனவரியில பொறி மூட்டையை அவிழ்த்துக் கொட்டி எண்ணெய் தடவ ஆரம்பிச்சார், மார்ச்ல எலிக்குப் போவேன், எவன் தடுக்கிறான்னு பாக்குறேன்னார். எவனும் தடுக்கல. சுவரைப் பாத்துச் சண்டை போட்டார்.

அவர் பொறி எப்படின்னு நீ பாத்து வளர்ந்தவதான். கடையில வாங்கினபடி ஒண்ணுகூட இருக்காது. எலி மிதிக்கிற தட்டு சின்னதா இருக்குன்னு பன்றிக்கொழுப்பு டின் மூடியை வட்டமா வெட்டி மேல கட்டியிருப்பார். சங்கிலியில ஒரு முழம் கம்பி கூடச் சேர்த்து நுனியில வில்லோ மரக் குச்சியைக் குறுக்க மாட்டியிருப்பார், எலி பொறியோட தண்ணிக்குள்ள பாய்ஞ்சா குச்சி பனித்துவாரத்துல மாட்டி நிக்கும், பொறியும் தொலையாது, எலியும் ரொம்ப நேரம் வதைபடாது. இதெல்லாம் அவரவர் கைக்கு அவரவர் செஞ்சுக்கிற வேலை. இந்தச் சதுப்புல பொண்டாட்டி எலியை உரிக்கலாம், தோலைப் பலகையில இழுத்துக் கட்டலாம், புருஷன் பொறியில மட்டும் கை வெக்கக்கூடாது. கல்யாணமாகி இருபத்தாறு வருஷமா நான் வெச்சதில்ல.

பிப்ரவரியில வெச்சேன். அப்பா மேசையில உக்காந்து பொறியை விரிச்சுப் பழகுறதை ஒரு வாரம் பாத்தேன். ஸ்பிரிங்கை முழங்காலால அமுக்கிடுவார், தாடை ரெண்டையும் இடது கையால விரிச்சிடுவார், தாடையைப் பிடிச்சு நிறுத்துற நாக்கைத் தாடை மேல மடக்கித் தட்டோட ஓரத்துல இருக்கிற வெட்டுல கொண்டுபோய் உக்கார வெக்கணும் பாரு, அங்கதான் மடங்காத விரல் இடிக்கும். உதட்டைக் கடிச்சுக்கிட்டு பத்துத் தடவை செய்வார். எனக்குப் பாக்கப் பொறுக்கல. அந்த வெட்டு ஆழமா இருக்கிறதாலதானே இந்தப் பாடு, கொஞ்சம் ராவி விட்டா நாக்கு சட்டுன்னு உக்காந்துடுமேன்னு தோணுச்சு. ஞாயித்துக்கிழமை தலைவலின்னு பூசைக்குப் போகாம நின்னு, அவர் அரத்தையே எடுத்து, நாப்பது பொறிக்கும் போட்டேன். எனக்கு எல்லாம் தெரியுங்கிற திமிரு, வேற என்ன சொல்ல. பூசைக்குப் போகாதது ஒரு பாவம்னா இது அதுக்கு அப்பன்.

சட்டுன்னு உக்காருறது சட்டுன்னுதான் எழுந்திரிக்கும், அது என் மரமண்டைக்கு ஏறல. முதல் நாள் பனி மேல போய் எலி மூச்சுவிடத் துவாரத்து மேல கட்டி வெக்கிற புல்மேடு முப்பதை அப்பா திறந்திருக்கார், நாலுலதான் பொறி நின்னுருக்கு. மத்ததெல்லாம் கையை எடுத்ததும் படார் படார்னு மூடிக்கிச்சாம். துவாரம் உறைஞ்சா உள்ள இருக்கிற எலி செத்துப்போகும்னு பொறி வெக்காமலே ஒவ்வொரு மேட்டையும் புல்லும் பனியும் போட்டு அடைச்சிட்டு வந்தார். கட்டைவிரல் தோல் உரிஞ்சிருந்துச்சு. ரெண்டாம் நாளும் அதே. பத்து நாள் இப்படிப் போனார் மகளே. பதினோராம் நாள் கையைச் சாப்பாட்டு மேசை மேல வெச்சு அதையே பாத்துட்டு, கை நடுங்குது கிளெமென்ஸ், எனக்கே தெரியாம நடுங்குதுன்னு சொன்னார். மறுநாள் அம்ப்ரோஸைப் பாத்துப் பேசி பாரத்தை உனக்கு அனுப்பிட்டார்.

விமானம் போய் மூணு நாள் கழிச்சுதான் எனக்கு உண்மை தெரிஞ்சுது. வெச்ச பொறிகளை எடுத்துட்டு வந்துடலாம்னு ரெண்டு பேரும் போனோம். வழியில யாரும் தொடாத ஒரு புல்மேடு, புத்தம்புதுசு. வீணாப் போகுதேன்னு நான் ஒரு பொறியை விரிச்சேன், பத்து விரலும் ஒழுங்கா இருக்கிற என் கையால. படார்னு என் விரல்லயே அடிச்சுது. திரும்ப விரிச்சேன், திரும்ப அடிச்சுது. நாலாவது தடவை கையுறையைக் கழட்டிட்டு அந்த வெட்டைத் தடவிப் பாத்தேன், என் அரம் ராவின இடம் வழவழன்னு இருந்துச்சு. பனிவண்டியில உக்காந்திருந்த அப்பா, என்னடி ஆச்சுன்னு கத்தினார். குளிருன்னேன். அதான் உன் அம்மா சொன்ன பதில், குளிராம்.

ரெண்டு நாளா மென்னு முழுங்கிட்டு இருக்கேன். இப்ப வண்டிச் சத்தம் கேக்குது, அவர்தான். இன்னிக்குச் சொல்லிடப் போறேன். நீ மட்டும் வேளாவேளைக்குச் சாப்பிடு, ஈரச் சாக்ஸோட நிக்காதே.

திரும்ப எழுதுறேன், இப்ப மத்தியானம் மூணு மணி. சொல்லிட்டேன். பானக் ரொட்டியும் டீயும் வெச்சு, அவர் முதல் வாய் கடிச்சதும் சொன்னேன். மென்னுட்டு இருந்தவர் நிறுத்தினார். எழுந்துபோய் ஒரு பொறியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சு வெட்டுல நகத்தை ஓட்டினார். இன்னொண்ணு எடுத்தார், இன்னொண்ணு. எத்தனைன்னார். நாப்பதும்னேன். வெளிய போய்ட்டார். கோடாலியைத் தூக்கிட்டு வருவாரோன்னு பயந்துட்டேன், கையில கொண்டு வந்தது நாய்க்கொட்டாயில துருப்பிடிச்சுத் தொங்கின பழைய பொறி, என் அரம் படாத ஒண்ணே ஒண்ணு. முழங்காலை வெச்சு அமுக்கினார். வழுக்குச்சு. திரும்ப அமுக்கினார், நாக்கு வெட்டு வரைக்கும் போய் நழுவிச்சு. நான் கண்ணை மூடிக்கிட்டேன். மூணாவது தடவை உக்காந்துச்சு. மேசை நடுவுல வெச்சுட்டுக் கையை எடுத்தார். ரெண்டு பேரும் மூச்சுவிடாம பாத்துட்டு இருந்தோம், டீ ஆறிப்போச்சு, பொறி அசையல.

அப்புறம் வாங்கினேன் பாரு திட்டு. உன் அரத்தை உன் நாக்குல போட்டிருக்கலாமேன்னார், நாப்பது பொறியையும் கெடுக்கிற பொறுமை ஒரு சட்டைக்குப் பொத்தான் தைக்கிறப்ப எங்கே போச்சுன்னார், உன்னைப் பெத்தவ அன்னிக்கே சொன்னா, இவ கையை வெச்சுட்டு சும்மா இருக்க மாட்டான்னு சொன்னா, நான்தான் கேக்கலைன்னார். எல்லாம் கேட்டுக்கிட்டேன். நான் அழுததைப் பாத்துட்டு, கை போனப்ப அழாதவ பொறிக்கு அழறாளேன்னார். அப்பல்லாம் மறைச்சு அழுதேன்னு எப்படிச் சொல்ல. கடைசியில தலையைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சார் மகளே, அக்டோபருக்கு அப்புறம் இன்னிக்குத்தான் சிரிக்கிறார். பத்து நாளா என் கை எனக்கே துரோகம் பண்ணுதுன்னு நினைச்சேன், கடைசியில பொண்டாட்டிதானா, பொண்டாட்டின்னா சமாளிச்சுக்கலாம்னார். இப்ப முக்கோண அரத்தை வெச்சு வெட்டை எல்லாம் திரும்ப ஆழமாக்கிட்டு உக்காந்திருக்கார், என்னைக் கிட்ட வராதேன்னுட்டார். பாரத்தைக் கிழிக்கச் சொல்லி அவளுக்கு எழுதுன்னு அவரே சொன்னார். சீசன் முடிய மூணு வாரம்தான் இருக்கு, நாலு பொறிக்கு ஒண்ணு வழுக்கத்தான் செய்யும், ஆனா போவார்.

அவர்கிட்ட நான் சொன்னது பாதிதான். மீதி இருக்கு, அதை உன்கிட்ட மட்டும் சொல்றேன். அன்னிக்கு அந்தப் புல்மேட்டுகிட்ட முட்டி போட்டு வெட்டைத் தடவினப்ப, தப்பு என்னோடதுன்னு தெரிஞ்ச அப்புறமும், ஒரு நிமிஷம், சரி, தெரியாமலே போகட்டுமேன்னு தோணுச்சு. பங்கு அம்ப்ரோஸுக்குப் போனா போகட்டும், ஊர்ல சூடான அடுப்புகிட்ட ரெண்டு பேரும் உக்காந்திருக்கலாம், இனிமே இவர் பனிக்குள்ள விழுந்துட்டாரோன்னு நான் ஜன்னலைப் பாத்துட்டு நிக்க வேண்டாம்னு தோணுச்சு. அந்த நிமிஷத்துலதான் அவர் என்னடி ஆச்சுன்னு கேட்டார். நான் குளிருன்னு சொன்னது பயத்துல இல்ல. அரம் போட்டது அவர் மேல இருந்த பாசத்துல, அந்தப் பொய் என் மேல இருந்த பாசத்துல. இதை அவர் மன்னிப்பாரான்னு எனக்குத் தெரியல, கேக்கவும் மாட்டேன்.

ஆண்டவரும் மாதாவும் உன் கையையும் காலையும் காத்து, நீ தொடுற நோயாளிக்கெல்லாம் குணம் குடுக்கட்டும். அப்பா முத்தம் சொல்லச் சொன்னார், எதுக்குச் சொல்லணும், வந்து வாங்கிக்கட்டும்னும் சொன்னார். மறக்காதே, பாரத்துல கையெழுத்து வேண்டாம், அதை அடுப்புல போடு. படிச்சு முடிச்சதும் இந்தக் கடுதாசியையும் அதோட சேர்த்துப் போட்டுடு.

உன் அம்மா,
கிளெமென்ஸ்