சரிவில் நின்றவர்கள்

அன்புள்ள சின்னுவுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் சுகமாக இருக்கிறோம், அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டேதான் பேனாவை எடுத்தேன். அப்பாவுக்கு முதுகுவலி குறைந்திருக்கிறது. பஸ் சீட்டில் ஒரு மெத்தையைப் போட்டுக்கொண்டு ஓட்டுகிறார், டெப்போவில் எல்லோரும் மகாராஜா வருகிறார் என்று கிண்டல் செய்கிறார்களாம். உன் அக்கா வந்திருந்தாள், ஜன்னல் திரை முதல் என் செருப்பு வரை குறை சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வழக்கமான பாடுதான், காலையில் எந்த வார்டில் எத்தனை கட்டில், எத்தனை ஆள் என்று கேட்டு விரிப்பு அனுப்புவதிலேயே பொழுது போய்விடுகிறது.

போனில் சொல்ல வாய் வராத ஒன்றை எழுதத்தான் உட்கார்ந்தேன், கோபப்படாமல் படி. நீ கிளம்பும்போது உன் கம்ப்யூட்டரில் அந்தக் கட்டை அடுக்கி ஊர் கட்டும் விளையாட்டைச் சொல்லிக்கொடுத்தாய் அல்லவா, புதிதாக ஒரு உலகம் தொடங்கு, என் பழையதைத் திறக்காதே என்றும் சொன்னாய். புதியதில் மண்ணும் மரமும்தான், பேச்சுத் துணைக்கு ஒரு ஈ காக்கை கிடையாது. அதனால் பழையதைத் திறந்துவிட்டேன். அங்கே ஊர்ச் சுவரின் கதவு திறந்தே கிடந்தது, குளத்தங்கரையில் இரண்டே பேர் இருந்தார்கள், ஒரு மீன்காரர், ஒரு வேலையும் செய்யாத பச்சைச் சட்டைக்காரர். வயிறு நிறைய ரொட்டியும் ஆளில்லாத ஒரு கட்டிலும் இருந்தால் குழந்தை பிறக்கும், கட்டில் எண்ணிக்கைக்கு மேல் ஆள் சேராது என்று நீ சொன்னது ஞாபகம் இருந்தது. கட்டில் கணக்கு எனக்குத் தெரியாததா. கோதுமை விதைத்தேன், ரொட்டி சுட்டுப் போட்டேன், எட்டுக் கட்டில் போட்டேன். குழந்தைகள் பிறந்து குட்டிக் குட்டியாக ஓடின, அப்பா வேலை முடிந்து வந்ததும் உன் ஊரில் இன்றைக்கு எத்தனை தலை என்று கேட்பது வழக்கமாகிவிட்டது.

எட்டோடு நிற்க வேண்டியது நிற்கவில்லை. பதினொன்று ஆனது, பிறகு பதினான்கு. நான்தான் தப்பாக எண்ணுகிறேன் என்று அப்பாவை எண்ணச் சொன்னேன், அவருக்கும் அதே பதினான்கு. நான் போடாத எந்தக் கட்டிலைப் பார்த்து இவர்கள் பெருகுகிறார்கள் என்று புரியவில்லை. அந்த ஊரில் பொழுது சாய்ந்தால் எட்டுப் பேர் வீட்டுக்குப் போய்ப் படுப்பார்கள், மிச்சம் பேர் ஒன்றாக நடந்து குளத்துக்குப் பின்னால் இருக்கிற சரிவில் போய் நிற்பார்கள். தலை குனிந்து மண்ணையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பச்சை முகத்து நடைப்பிணங்கள் வந்தால் மற்றவர்கள் அலறி ஓடுவார்கள், இவர்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. மூக்கால் ம்ம் என்று ஒரு சத்தம் போடுவார்களே, அது நான் சமையலறையில் இருந்தாலும் கேட்கும். அவர்கள் காலடியிலேயே புதுக் கட்டில் போட்டுப் பார்த்தேன், இன்னொரு குழந்தை வந்து அதில் படுத்தது, நின்றவர்கள் நின்றபடியே இருந்தார்கள்.

அன்றைக்கு அப்பா தொப்பியைக்கூடக் கழற்றாமல் என் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். "அவங்க காத்திருக்காங்க. ஸ்டாப்புல நிக்கிறவங்களத் தினமும் பாக்கறேன்ல, அதே நிப்புதான்" என்றார். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வந்து படு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் அணைக்கவில்லை, மண்வெட்டியை எடுத்துச் சரிவைத் தோண்டினேன்.

மண்ணுக்கு அடியில் பலகை, பலகைக்கு அடியில் நீளமாக ஒரு கூடம். கதவு இல்லை, படி இல்லை, ஒரு விளக்கு இல்லை. வார்டு மாதிரி இரண்டு வரிசையாகக் கட்டில்கள், ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஒரு பூ, ஒரு பெயர்ப்பலகை. தச்சர், கசாப்புக்காரர், புத்தகக்காரர், குட்டி என்று உன் எழுத்துப்பிழையோடு எழுதியிருந்தது. கடைசிக் கட்டிலில் பூ இல்லை. பலகையில் "நான்" என்று இருந்தது. ஆஸ்பத்திரியில் எத்தனையோ காலிக் கட்டில்களைப் பார்த்தவள்தான், இதைப் பார்த்ததும் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டேன் சின்னு.

ஆறாம் வகுப்பு படிக்கும்போது நீ திடீரென்று பேசாமல் ஆனாயே, தூக்கத்தில் "கதவ மூடாம வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். அப்பா ஒவ்வொரு தடவையும் எழுந்துபோய் நம் வாசல் கதவை ஆட்டிப் பார்த்துவிட்டு மூடித்தான் இருக்கிறது என்பார். நீ சொன்னது இந்த ஊர்க் கதவை என்று இப்போதுதான் புரிந்தது. திறந்த கதவு வழியாக நடைப்பிணங்கள் வந்து அந்த இரண்டு பேர் தவிர எல்லோரையும் கொண்டுபோயிருக்கின்றன, நீ ஒவ்வொருவருக்கும் கட்டில் போட்டு, உனக்கும் ஒன்று போட்டு, மண்ணைத் தள்ளி மூடியிருக்கிறாய். பதினோரு வயசுப் பிள்ளை, ஒருவரிடமும் சொல்லாமல்.

நான் படி வெட்டி விளக்கு வைத்தேன். பொழுது சாய்ந்ததும் சரிவில் நின்றவர்கள் ஒவ்வொருவராக இறங்கி, ஏதோ முன்பே இடம் தெரிந்தவர்கள் மாதிரி படுத்தார்கள். உன் கட்டிலை மட்டும் எடுத்துவிடலாம் என்று கோடரியோடு போனேன். அதற்குள் அன்றைக்குப் பிறந்த குழந்தை ஒன்று ஓடிவந்து அதில் ஏறிப் படுத்துவிட்டது. ஆள் படுத்திருக்கிற கட்டிலை நான் எப்படி எடுப்பேன், பலகையை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஊர்க் கதவையும் மூடித்தான் வைத்திருக்கிறேன்.

மற்றவர்கள் விடிந்தால் மேலே வந்து வயலுக்குப் போகிறார்கள். அந்தக் குழந்தை மட்டும் வருவதில்லை. ரொட்டி போட்டேன், மணி அடித்தேன், கட்டிலுக்குப் பக்கத்திலேயே சுவரைப் பார்த்து நிற்கிறது. மற்றக் குழந்தைகளெல்லாம் வளர்ந்துவிட்டன, அது வளரவில்லை.

கடைவாய்ப் பல்லைத் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டு. மூன்று வருஷமாக லீவு இல்லை என்றே சொல்கிறாய், இந்தத் தடவை எப்படியாவது கேட்டு வாங்கு. நோய்நொடி இல்லாமல் நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், அப்பாவின் ஆசியும் இதோடு வருகிறது. நான் கூப்பிட்டால் அந்தக் குழந்தை திரும்புவதில்லை சின்னு, நீ வந்து ஒரு தடவை கூப்பிட்டுப் பார்.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்,
அம்மா