மூழ்கி மடை திறந்தவர்

மாப்ள,

நாம் எழுதிய ஊர் வரலாற்றுப் புத்தகத்தின் புரூஃப் இன்று காளவாசல் அச்சகத்திலிருந்து வந்தது. மை வாசனை இன்னும் விரலில் இருக்கிறது. கண்மாய்த் தண்ணீருக்குள் மூழ்கி மடைகளைத் திறந்தவர்களின் பட்டியலை மட்டும் யாரோ சிவப்புப் பேனாவால் அடித்திருந்தார்கள். புத்தகத்தை வெளியிடும் ஊர்க் குழுத் தலைவருக்குப் போன் போட்டேன்.

"இம்புட்டு நாள் இல்லாத பேரு இப்ப எதுக்குண்ணே? புஸ்தகத்துல ஏறுனா, நாளைக்கு மடைப் பொங்கல்ல முதல் மரியாதை கேப்பாய்ங்க."

"கேக்கட்டுமே" என்றேன். நீ இருந்திருந்தால் இன்னும் நாலு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருப்பாய்.

நாம் நோட்டும் கையுமாய் அலைய ஆரம்பித்த முதல் நாள் நினைவிருக்கிறதா? எங்கள் தெருப் பெரியவர்கள் சொல்லச் சொல்ல, ஐந்து மடைக்கும் பெயர் எழுதினேன். 'திறந்தவர்: ஊரார்' என்று முடித்தேன். நீ நோட்டைப் பிடுங்கினாய்.

"கல்லுக்குப் பேரு வச்சிருக்கீங்க. மூச்சடக்கி முங்குன மனுசனுக்கு இல்லையா? எங்கப்பா பேரச் சொல்லு பாப்போம்!"

எனக்குத் தெரியவில்லை. இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு அவர் மூழ்கித் திறந்துவிட்ட தண்ணீரில்தான் எங்கள் வயல் விளைந்தது. பொடிப்பயல்களான நாங்கள்கூட அவரை "ஏய் மடைக்காரா" என்றுதான் கூப்பிட்டோம். பசுமலைப் பள்ளியில் உன்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தேன். தினமும் உன் பெயருக்கு முன்னால் 'மு' என்று வாசித்தார்கள். அந்த 'மு' யாரென்று ஒருநாளும் நான் கேட்டதில்லை. இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

"முனியாண்டி. பெருசா எழுது" என்றாய். எழுதினேன். பிறகு உங்கள் தெருவில் வீடு வீடாகக் கேட்டு மற்றவர்களையும் சேர்த்தோம். அச்சேறுவதைப் பார்க்காமல் போய்ச் சேர்ந்துவிட்டாயே, பாவி.

மதியம் தலைவர் வீட்டுக்கே வந்துவிட்டார். "முதலெழுத்து மட்டும் போடுவோம்ணே. மு., க., அப்படின்னு. வம்பு இல்லாமப் போகும்."

முதலெழுத்தோடு நின்றுபோன முட்டாள் நான்தானே! மறுபடியும் அந்தத் தப்பைச் செய்வேனா?

"அந்தப் பேருக இல்லாட்டி அட்டையில என் பேரும் இல்ல. நோட்டு என்கிட்டதான் இருக்கு. தனியா அடிச்சுக்கிருவேன்" என்றேன். அவர் காப்பியைக் குடிக்காமலே போனார்.

நேரே அச்சகத்துக்குப் போய், சிவப்புக் கோட்டின் மேல் 'இருக்கட்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அச்சகக்காரர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "முதல் பேரு முனியாண்டிக்கு இனிஷியல் இல்லையேண்ணே?" என்றார்.

உன் தாத்தா பெயரை நாம் இருவருமே எழுத மறந்திருக்கிறோம். உன் அக்காவுக்குத் தெரிந்திருக்கும்.

"மிசினை நிப்பாட்டி வைங்க" என்றேன். "கேட்டுட்டு வாரேன்."