தண்ணீர் ரொப்பிய மிஷின்

சிங்காநல்லூர்,
22-12-1996

அன்புள்ள மகன் சசிதருக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதச் சொன்னது. இங்கே நானும் உன் நைனாவும் தங்கச்சியும் சௌக்கியமாக இருக்கிறோம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று தெரிந்தால்தான் எங்கள் சௌக்கியம் முழுசாகும். வழக்கம்போல நான் சொல்லச் சொல்ல உன் தங்கச்சி வெங்கடலட்சுமி எழுதுகிறாள். விசாகப்பட்டினத்தில் உன் தெலுங்கைக் கேட்டு ஹாஸ்டல் பையன்கள் சிரிக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். சிரித்தால் சிரிக்கட்டும், கோயமுத்தூர்த் தெலுங்கில் பாதி தமிழ் இருக்கத்தான் செய்யும். இங்கே மழை நன்றாகப் பெய்து ஏரி நிறைந்துவிட்டது. நைனாவுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது, ஆனால் டீக்கடைப் பக்கம் போனால் மறுபடி ஏறிவிடும், நான் இல்லாத நேரம் பார்த்துத்தான் போகிறார். வெள்ளகோவில் அத்தை வீட்டுக் கிரகப்பிரவேசம் நல்லபடியாக நடந்தது, எல்லோரும் உன்னைத்தான் கேட்டார்கள்.

நீ என்ன படிக்கிறாய் என்று அங்கே கேட்டார்கள். ஆளும் வேண்டாம், ஒயரும் வேண்டாம், தானாகக் கடலுக்கு அடியில் போய்த் தானாகத் திரும்பி வருகிற மிஷின் செய்கிறான் என்றேன். உடனே அத்தை, "அதுக்கு ஊட்டு வழி தெரியுமுங்களா அண்ணி, உங்க மகனுக்கே வருசத்துல ஒருக்காத்தான் தெரியுது" என்று சொல்லிப்போட்டாள். பந்தியில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் மனசுக்குள் பயம்தான். பொங்கல் கழிந்ததும் அதைக் கடலில் இறக்கிக் காட்டாவிட்டால் காலேஜில் உன் மிஷின் வேலையை அப்படியே மூடிவிடுவார்கள் என்று நீ தீபாவளிக்கு வந்தபோது நைனாவிடம் சொன்னது எனக்கும் கேட்டது. அதனால் இப்போது சொல்லப்போவதை அவசரப்படாமல் கடைசிவரை படி. முதலில் கேட்கக் கஷ்டமாக இருக்கும், முடிவு நல்ல முடிவுதான்.

வால் பக்கம் தண்ணீர் கசிகிறது, சீல் மாற்றி வையுங்கள் என்று மிஷினை நம் மோட்டார் ஒர்க்ஷாப்பில் விட்டுப் போனாய் அல்லவா. நைனாவும் லேத் ரசாக் பாயும் புது சீல் போட்டு, சூலூர் சித்தப்பா தோட்டத்துக் கிணற்றில் இறக்கிப் பார்க்கலாம் என்று வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கிணற்றடிக்குச் சோறு எடுத்துக்கொண்டு நானும் உன் தங்கச்சியும் போனோம். நைனா நைலான் கயிறு கட்டிக்கொண்டே தலையைத் தூக்காமல், "தண்ணி ரொப்பியாச்சா" என்றார். உன் தங்கச்சி, "ரொப்பியாச்சுங் நைனா" என்றாள். ரசாக் பாய், "அப்ப எறக்குங்க நாயுடு, பிஸ்மில்லா" என்றார். கண்ணு, உனக்குப் புரிந்திருக்கும். நம் ஒர்க்ஷாப்பில் எந்த சப்மெர்சிபிள் மோட்டாரையும் உள்ளே தண்ணீர் ரொப்பாமல் போர்வெல்லில் இறக்க மாட்டார்கள், காலியாக ஓடினால் வெந்துவிடும். அதே பழக்கத்தில் உன் மிஷின் மேல் இருந்த மூடியைத் திருகி, குடத்துத் தண்ணீரைத் துணியில் வடிகட்டி, பொங்கி வழிகிற வரைக்கும் ஊற்றி மூடிவிட்டாள். உன் மிஷினுக்குள் சொட்டுத் தண்ணீர் போகக்கூடாது என்று கேட்டவருக்கும் தோன்றவில்லை, ஊற்றியவளுக்கும் தோன்றவில்லை, பக்கத்தில் நின்றவருக்கும் தோன்றவில்லை. மிஷின் கல்லைப் போலப் போய் அடியில் உட்கார்ந்துவிட்டது. இழுத்துத் திறந்தால் குடத்தைக் கவிழ்த்த மாதிரி தண்ணீர் கொட்டுகிறது. நீ கண் முழித்துச் செய்த எலக்ட்ரானிக் போர்டு, பேட்டரி எல்லாம் அதிலே மிதக்கிறது.

யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தாலாவது அழுதிருப்பாள். பள்ளிக்கூடத்தில் கரும்பலகைக்கு வரச்சொன்னால் வாய் அடைத்துப்போய் நிற்பாளே, எட்டாவதோடு அதனால்தானே நின்றாள், அதே மாதிரி ஆகிவிட்டாள். மோட்டாருக்குக் காயில் ஒயர் சுற்றுகிற தன் மேஜைக்கே போகவில்லை. சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுவாள். ரசாக் பாய் வந்து, "ஏம்மணி, நீ பண்ணுனது சரியான வேலைதான், மிஷின்தான் தப்பான மிஷின்" என்று வேடிக்கை பண்ணினார், அதற்கும் சிரிக்கவில்லை. நைனா போர்டைக் கழற்றி, காயிலுக்கு வார்னிஷ் காயவைக்கிற ஓவனில் இளஞ்சூட்டில் வைத்து எடுத்தார். டவுன்ஹால் ரேடியோ கடைக்காரர் போர்டில் எரிந்துபோன ஒன்றிரண்டு பாகங்களைப் பிடுங்கி வேறு வைத்துக் கொடுத்தார். போர்டு பிழைத்துக்கொண்டது, பேட்டரிதான் போய்விட்டது, புதிது வாங்கிவிட்டோம். ஆனால் வால் பக்கம் மறுபடி கசிந்தது. ரசாக் பாய் எத்தனை சீல் மாற்றினாலும் விசிறித் தண்டு சுற்றுகிற இடத்தில் சொட்டு உள்ளே வந்துகொண்டே இருந்தது. நைனா ஸ்பானரைத் தூக்கி எறிந்துவிட்டார்.

அப்போதுதான் இவள் கதவோரம் நின்றபடியே, "ஏனுங் நைனா, வர்ற தண்ணிய எதுக்குங் தடுக்கோணும், நம்ம மோட்டாரெல்லாம் தண்ணிக்குள்ளதானுங்களே ஓடுது" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள், சொல்லிவிட்டு அடுப்படிக்கு ஓடிவந்துவிட்டாள். நைனா பின்னாடியே வந்து இன்னொரு தரம் சொல்லு என்கிறார், இவள் முகத்தைப் பானைக்குள் விடாத குறை. பிறகு நைனா, ரசாக் பாய், இவள் மூன்று பேருமாகச் செய்தார்கள். மிஷினை நடுவில் சுவர் வைத்து இரண்டாக்கி, வால் பக்கத்தைத் தண்ணீருக்கே விட்டுவிட்டார்கள். அங்கே உன் சின்ன மோட்டாருக்குப் பதிலாக, பிளாஸ்டிக் உறை போட்ட ஒயர் வைத்து இவள் சுற்றிய கையளவு மோட்டார். போர்டும் பேட்டரியும் முன்பக்கம் தனியாக. அங்கே சுற்றுகிற தண்டு இல்லாததால் கசிய வழியில்லை, ஒயர் வெளியே வருகிற இடத்தில் மட்டும் கேபிள் ஜாயின்ட்டுக்கு ஊற்றுகிற பிசினை ஊற்றினார்கள். எடை கூடியதால் வாய் அடைத்த காலிப் பைப் இரண்டை மிதப்பதற்காக மேலே கட்டியிருக்கிறார்கள், பார்க்க அழகாக இல்லை. அந்த மோட்டாருக்குப் பேட்டரியிலிருந்து மூன்று பேஸ் கரண்ட் எடுக்கிற போர்டு ரேடியோ கடைக்காரர் செய்தது, அது சூடாகிறதாம், நீ பார்த்துச் சரிசெய்துகொள் என்று நைனா சொல்லச் சொன்னார்.

போன வெள்ளிக்கிழமை அதே கிணற்றில் கயிறு இல்லாமல் விட்டார்கள். உள்ளே போனது, காணோம். சித்தப்பா, "உன்ற மிஷின் மீனு புடிக்கப் போயிருச்சு" என்கிறார். நான் பெருமாளை வேண்டிக்கொண்டேன். அப்புறம் எதிர்ச்சுவரின் படிக்கட்டுப் பக்கம் எருமை தலை தூக்குகிற மாதிரி மெதுவாக மேலே வந்து நின்றது. யாரும் தொடவில்லை கண்ணு, தானாகவே வந்தது. ரசாக் பாய் நைனாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். உன் தங்கச்சி வாய்விட்டுச் சிரித்த சத்தம் கிணற்றுக்குள் எதிரொலித்தது. அந்தச் சத்தம் கேட்டு எத்தனை நாள் ஆயிற்று.

புதன்கிழமை ரயிலில் பார்சல் போடுகிறோம். கூடவே பருப்புப் பொடியும் வருகிறது, மிஷினுக்குள் வைக்கவில்லை, பயப்படாதே. கடலில் மிஷினை மட்டும் இறக்கு, நீ இறங்காதே, உனக்கு நீச்சல் தோட்டத்துக் கிணற்று அளவுதான். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி.

ஒன்றை மறக்காதே. தண்ணீர் ஊற்றிய கதையை எழுத மாட்டேன், அண்ணன் இனி எதையும் தொடவிட மாட்டான் என்று இவள் பேனாவை மூடி வைத்துவிட்டாள். நான்தான் எழுது என்றேன். பதில் போடும்போது கவரின் மேல் நைனா பெயரை எழுதாதே. வெங்கடலட்சுமி என்று எழுது. அவள் பெயருக்கு இந்த வீட்டில் இதுவரை ஒரு கடிதமும் வந்ததில்லை. தபால்காரர் வாசலில் நின்று அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும், அவள் வெளியே போய் வாங்க வேண்டும்.

வெங்கடேசப் பெருமாள் கிருபையால் உன் மிஷின் கடலிலும் போய்த் திரும்பட்டும், நீயும் நூறு வயசு இரு.

உன் அம்மா,
பங்காரம்மா

அண்ணா, அம்மா சொன்னதில் ஒன்றையும் விடாமல் எழுதியிருக்கிறேன்.
வெங்கடலட்சுமி